பாலாறும் பர்கரும்

1996ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள். தில்லியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. வழக்குத் தொடுத்தது வேலூர் குடிமக்கள் நல மன்றம். வழக்கின் பொருள் நம் பாலாறு. தோல் பதனிடும் ஆலைகள் கழிவு நீரைத் திறந்துவிட்டதால் ஆறு கெட்டது, கிணறு கெட்டது, கழனி கெட்டது, குடிக்கும் குவளையும் கெட்டது என்று முறையிட்டது மன்றம். நீதிபதி குல்தீப் சிங் அமர்ந்திருந்த ஆயம் முறையீட்டைக் கேட்டது, ஏற்றது, இன்றளவும் நாடெங்கும் எடுத்துக்காட்டப்படும் நெறியொன்றை அந்தத் தீர்ப்பிலே நிலைநாட்டிற்று. மாசுபடுத்தியவன் எவனோ அவனே ஈடு செலுத்த வேண்டும் என்பதே அந்த நெறி.

அதே ஆண்டு. அதே தில்லி. அக்டோபர் 13ஆம் நாள் வசந்த் விகார் பகுதியில் ஒரு கடை திறக்கப்பட்டது. மெக்டொனால்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் இந்திய மண்ணில் எடுத்து வைத்த முதல் அடி அது. தீர்ப்புக்கும் திறப்புக்கும் இடையே ஏழு வாரங்கள்கூட இல்லை!

தீர்ப்பை நாம் கொண்டாடினோம். கடையை நம் பிள்ளைகள் கொண்டாடினர். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை. இன்று பார்ப்போம், தோழர்களே! ஆற்றைக் கெடுத்தவனிடம் ஈடு கேட்ட நாடு, உடலைக் கெடுப்பவனிடம் ஏன் கேட்கவில்லை? இந்த ஞாயிறு உங்கள்முன் நான் வைக்கும் கேள்வி இது ஒன்றே.

காட்பாடிச் சந்திப்பில் இறங்கிப் பல்கலைக்கழகச் சாலைவழியே நடந்து பாருங்கள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து பயிலும் பல்லாயிரம் மாணவர். அவர்களை எதிர்நோக்கி ஒளிவிடும் பெயர்ப் பலகைகள். பர்கர், பீட்சா, பொரித்த கோழி, பனிக்கட்டி மிதக்கும் கறுப்புச் சர்க்கரைத் தண்ணீர்! சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலையிலே ஆம்பூர், வாணியம்பாடி என ஊர் ஊராக வண்டி நிறுத்திப் பாருங்கள். ஒரு காலத்தில் வழிப்போக்கனின் பசியாற்றிய மரத்தடிக் கடைகளுக்குப் பக்கத்திலே குளிரூட்டிய கண்ணாடி மாளிகைகள் எழுந்துவிட்டன. கடைக்குப் போகவும் வேண்டா. கைப்பேசியில் விரல் வைத்தால், இரவு 12 மணிக்கும் பையைச் சுமந்துகொண்டு வாசலுக்கு வருகிறான் வேலை கிடைக்காத பட்டதாரி.

இது நாகரிகமாம்! இது முன்னேற்றமாம்! உலகத்தோடு ஒட்ட ஒழுகுவதாம்! சரி, அந்த நாகரிகம் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று கேட்போம்.

கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ என்றோர் ஊர். ரிச்சர்டு, மாரிஸ் என்ற மெக்டொனால்டு உடன்பிறந்தார் இருவர் அங்கே 1940இல் உணவுக் கடை வைத்தனர். 1948இல் கடையைச் சில மாதம் மூடிவிட்டு மாற்றி அமைத்தனர். பரிமாறிய பெண்களை வேலையிலிருந்து நீக்கினர். பட்டியலில் இருந்த பண்டங்களை 9 ஆகக் குறைத்தனர். சமையல் தெரிந்தவனுக்கு அங்கே இனி வேலையில்லை. ஒருவன் இறைச்சியைப் புரட்டுவான். ஒருவன் ரொட்டியைச் சுடுவான். ஒருவன் சாறு தடவுவான். ஒருவன் தாளில் சுற்றுவான். பர்கரின் விலை 15 சென்ட். சமையற்கட்டு அன்று ஆலை ஆயிற்று.

ஆம்பூர்த் தோழியருக்கு இதை நான் விளக்க வேண்டுமோ? காலணி ஆலையிலே வெட்டுவது ஒருவர், அப்பர் தைப்பது ஒருவர், சோல் ஒட்டுவது ஒருவர், பெட்டியில் அடுக்குவது ஒருவர். முழுக் காலணியையும் செய்யத் தெரிந்த கைவினைஞன் தேவையில்லை. மணிக்கு இத்தனை இணை என்ற கணக்குத்தான் தேவை. அந்த முறையைச் சோற்றுக்குக் கொண்டுவந்ததுதான் அமெரிக்கத் துரித உணவு. காலணிக்கு அது பொருந்தலாம். காலணியை எவரும் தின்பதில்லை. தின்னும் பொருளை ஆலைமுறையில் செய்யும்போது என்ன நேர்கிறது? எங்கு விற்றாலும் ஒரே சுவை வேண்டும்; கெடாமல் இருக்க வேண்டும்; மலிவாக வேண்டும்; தின்றவன் மறுபடி வர வேண்டும். இந்த நான்கையும் ஒருசேரத் தருபவை உப்பும் சர்க்கரையும் கொழுப்பும்தாம்.

1955இல் ரே கிராக் என்ற விற்பனையாளர் அந்த உடன்பிறந்தாரின் பெயரையும் முறையையும் வைத்துக் கிளைகள் பரப்பத் தொடங்கினார். 1971இல் டோக்கியோ நகரின் கின்சா வீதியில் கடை. இன்றோ 100க்கு மேற்பட்ட நாடுகளில் 40,000க்கு மேற்பட்ட கடைகள்! அலெக்சாந்தரின் படையும் செல்லாத நாடுகளுக்கு அமெரிக்காவின் அடுப்பு சென்றுவிட்டது.

சென்ற இடமெல்லாம் என்ன செய்தது? இரண்டு தீவுகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன்.

முதல் சாட்சி ஒகினாவா. ஜப்பானுக்குத் தெற்கே உள்ள தீவு. நூறாண்டு வாழ்வோர் மிகுந்த நிலம் என்று உலகம் வியந்த இடம். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் காயும் கீரையும் சோயாக் கட்டியும் அவர்தம் பழைய உணவு. இரண்டாம் உலகப் போருக்குப்பின் 1972 வரை அந்தத் தீவு அமெரிக்கர் கையில் இருந்தது. படைத்தளங்கள் வந்தன, தளங்களோடு தகர டப்பா இறைச்சி வந்தது, 1963இலேயே அமெரிக்கத் துரித உணவுக் கடை வந்தது. ஜப்பானின் தலைநகரம் மெக்டொனால்ட்ஸ் கடையைக் காண்பதற்கு எட்டு ஆண்டு முன்னரே ஒகினாவாவின் பிள்ளைகள் பர்கரைத் தின்று வளர்ந்தனர். விளைவு? 1995இல் ஜப்பானின் 47 மாநிலங்களில் ஆண்களின் ஆயுளில் 4ஆம் இடத்திலிருந்த ஒகினாவா, 2000ஆம் ஆண்டுக் கணக்கில் 26ஆம் இடத்துக்குச் சரிந்தது. நாட்டையே உலுக்கிய அந்தச் செய்திக்கு '26 அதிர்ச்சி' என்றே ஜப்பானியர் பெயரிட்டனர். பாட்டன் உயிரோடு இருக்கப் பேரன் நோயில் விழுந்தான். போருக்குப்பின் பிறந்தவர்களின் தட்டு மாறியதே இதற்குப் பெருங்காரணம் என்று அறிஞர் சுட்டினர். குண்டு வீசிய போர் மூன்று மாதத்தில் ஓய்ந்தது. கொழுப்பு வீசிய போர் ஓயவில்லை.

இரண்டாம் சாட்சி சமோவா. பசிபிக் கடலின் சின்னஞ்சிறு நாடு. அமெரிக்கப் பண்ணைகளில் வான்கோழி வெட்டியபின், அமெரிக்கர் தின்ன மறுக்கும் கொழுத்த வால் துண்டு எஞ்சும். அந்த எச்சத்தைக் கப்பலேற்றிச் சமோவாவில் விற்றனர். மக்கள் பருத்தனர்; நீரிழிவு பெருகியது. 2007இல் சமோவா அரசு அந்த வாலுக்குத் தடை விதித்தது. பிறகு உலக வணிக அமைப்பிலே சேர விரும்பிக் கதவைத் தட்டியது. 'தடையை நீக்கு, பிறகு உள்ளே வா' என்றனர். 2012இல் உறுப்பினராகச் சேர்ந்த அந்நாடு, அதற்காகத் தன் தடையைக் கைவிட வேண்டியதாயிற்று. தன் குடிமக்களின் வயிற்றைக் காக்கும் உரிமை ஒரு நாட்டுக்கு இல்லையாம். எச்சத்தை விற்கும் உரிமை வணிகனுக்கு உண்டாம்! இதற்குப் பெயர் தடையற்ற வணிகம்.

அமெரிக்காவின் உணவு நம் நாட்டுக்குப் புதிதன்று. 1954இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 என்ற சட்டத்தின்கீழ், 1956இல் இந்தியாவோடு ஒப்பந்தம் செய்து கோதுமை அனுப்பியது. 1960களின் நடுவில் மழை பொய்த்தபோது கப்பலை எதிர்பார்த்து வாழ்ந்தோம். அந்தக் கோதுமை பலர் பசியை ஆற்றியது, மறுக்கவில்லை. ஆனால் வியத்நாம் போரை இந்தியா குறைகூறியது என்ற சினத்தாலும், வேளாண்மைக் கொள்கையில் தன் சொல் கேட்க வேண்டும் என்ற எண்ணத்தாலும், அதிபர் ஜான்சன் அந்தக் கோதுமையைச் சிறுகச் சிறுக அளந்துவிட்டதையும் மறக்கவில்லை. உணவைப் பிறர் கையில் விட்டால் உரிமையும் அவர் கைக்குப் போகும் என்ற பாடம் அன்று கிடைத்தது. அன்று பசித்தவனைத் தேடி மூட்டை வந்தது. இன்று பசிக்காதவனைத் தேடிப் பொட்டலம் வருகிறது. அன்றைய கப்பலை நிறுத்த ஓர் அதிபர் இருந்தார். இன்றைய பொட்டலத்தை நிறுத்த எவரும் இல்லை.

'அமெரிக்கப் பகைமை பேசுகிறான்' என்று சிலர் முணுமுணுப்பர். ராணிப்பேட்டையில் அமெரிக்கத் தாய் தந்தையர்க்குப் பிறந்து, வேலூரிலே 1900இல் ஒற்றைப் படுக்கை மருத்துவ இல்லம் தொடங்கி, அதைக் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்த்தெடுத்த ஐடா ஸ்கட்டர் அம்மையாரை எங்கள் மண் மறக்குமா? மருந்து கொண்டு வந்த அமெரிக்கரை வணங்குகிறோம். நோய் கொண்டு வரும் நிறுவனத்திடம் கணக்குக் கேட்கிறோம். இரண்டும் ஒரே வேலூரின் நியாயந்தான்.

இனி நம் வீட்டுக் கணக்கு. தேசியக் குடும்பநல ஆய்வு 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் மிகை எடை உடையோர் என்றது. 2019-21 ஆய்விலோ அது 40.4 விழுக்காடு! ஆண்கள் 28.2இலிருந்து 37.0 ஆயினர். ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் ஒன்பது விழுக்காட்டுப் புள்ளி அளவு ஏற்றம்! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டனர் என்றது. மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் நோயின் வாசற்படியில் நிற்கின்றனர் என்றது. நாடு முழுமைக்கும் 11.4 விழுக்காடு, தமிழ்நாட்டிலோ 14.4. நம்மவர் உடல் வாகுக்கு, மேலை நாட்டார் அளவுக்குப் பருக்குமுன்பே இந்நோய் பற்றிக்கொள்கிறது என்பதும் மருத்துவர் கண்ட உண்மை.

இத்தனைக்கும் பர்கர் ஒன்றே காரணம் என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொன்னால் எதிரி எளிதாக வென்றுவிடுவான். அதே ஆராய்ச்சியாளர் 2025இல் வெளியிட்ட ஆய்வு, நம் உணவின் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியும், மைதாப் பரோட்டாவும், மூன்று கரண்டிச் சர்க்கரைத் தேநீரும் குற்றவாளிப் பட்டியலில் உள்ளன. உழைப்புக் குறைந்தும் உணவு குறையாத வாழ்வும் உள்ளது. ஆனால் ஏற்கெனவே கசிந்து கொண்டிருக்கும் ஏரிக்கரையிலே வந்து மடை வெட்டுபவனை, 'முன்பே கசிந்ததே' என்று சொல்லி விட்டுவிடுவாரோ உழவர்?

நாடகம் எழுதிப் பழகிய கை. ஆதலால் ஒரு வழக்கு மன்றத்தைக் கண்முன் நிறுத்துகிறேன். ஒரு பக்கம் நிறுவனத்தின் வழக்கறிஞர். மறுபக்கம் மக்கள் வழக்கறிஞர்.

நிறுவனத்தார்: எம் கட்சிக்காரர் எவர் வாயிலும் திணிக்கவில்லை. விரும்பியவர் வருகிறார், விலை கொடுக்கிறார், உண்கிறார். இதில் குற்றம் எங்கே?

மக்கள்: பாலாற்றுக் கரையில் வாழும்படி எவரும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் நஞ்சு கலந்தவன் குற்றமற்றவன் ஆகிவிட்டானா?

நிறுவனத்தார்: அளவோடு உண்பது அவரவர் பொறுப்பன்றோ?

மக்கள்: அளவை மறக்கச் செய்யும் பண்டத்தை விற்றுக்கொண்டு அளவைப் பற்றிப் பேசுகிறீரே!

நிறுவனத்தார்: சான்று உண்டோ?

மக்கள்: உண்டு. உங்கள் நாட்டிலேயே உண்டு.

அந்தச் சான்று இது. அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 2019இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். 20 பேரை ஆய்வகத்திலேயே தங்க வைத்தனர். இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு. இரண்டு வாரம் இயல்பான பொருளால் சமைத்த உணவு. முன்வைத்த தட்டில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் யாவும் இரண்டிலும் ஒத்த அளவு. விரும்பிய அளவு உண்ணலாம். நடந்தது என்ன? ஆலை உணவு கிடைத்த நாட்களில் அதே மனிதர் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர். இரண்டு வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ பருத்தனர். சமைத்த உணவு கிடைத்தபோது ஏறத்தாழ அதே அளவு இளைத்தனர். மனிதர் அவர்களே, மன உறுதியும் அதுவே, மாறியது தட்டு மட்டுமே! 'அவரவர் பொறுப்பு' என்ற வாதம் அந்த ஆய்வகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

வழக்கறிஞர் விடுவாரா? கடைசி அம்பை எடுக்கிறார்: 'உங்கள் ஆம்பூர்ப் பிரியாணி மட்டும் கீரைக் கடையலோ?'

இல்லை ஐயா, இல்லை. பிரியாணி மருந்து என்று எந்த ஆம்பூர்க்காரரும் சொன்னதில்லை. இறைச்சி உண்டு, எண்ணெய் உண்டு. ஆனால் அது சீரகச் சம்பா அரிசியால் ஆனது. உள்ளூர்க் கசாப்புக் கடையில் அன்று வெட்டிய கறியால் ஆனது. அரைத்த மிளகாயும் பூண்டும் இஞ்சியும் தயிரும் சேர்ந்தது. விறகு மூட்டி, தணல் போட்டுத் தம் கட்டி, காலையில் இறக்கி, அன்றைக்கே தீர்வது. பக்கத்திலே கத்திரிக்காய்த் தொக்கும் வெங்காயப் பச்சடியும் உண்டு. வெள்ளிக்கிழமையின் உணவு அது. திருமணத்தின் உணவு அது. திருநாளில் அடுத்த வீட்டுக்கும் போகும் உணவு அது. அதை விற்பவர் பொம்மை கொடுத்துப் பிள்ளையை இழுப்பதில்லை. ஒரு வாங்கினால் ஒரு இலவசம் என்று நள்ளிரவில் கைப்பேசியைத் தட்டுவதில்லை. அதை வாரம் ஏழு நாளும் மூன்று வேளையும் உண்டால் அதுவும் கெடுதியே. கெடுதியை மறைக்க அவரிடம் விளம்பரத் துறை இல்லை என்பதுதான் வேற்றுமை. பெற்ற விலை ஊரிலேயே சுழல்கிறது என்பது இன்னொரு வேற்றுமை.

பிரியாணி என்றதும் இன்னொரு காட்சி நினைவுக்கு வருகிறது. 2022ஆம் ஆண்டு மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப் போவதாகத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. மாட்டுக்கறிப் பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றது. எதிர்ப்பு எழுந்தது, ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, மழையைக் காரணங்காட்டி விழா தள்ளி வைக்கப்பட்டது. அதே 2022ஆம் ஆண்டில் தில்லியில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வரைவு வெளியிட்டது. உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த பொட்டலத்தின் முகப்பிலே எச்சரிக்கை பொறிக்க வேண்டும் என்று நலவாழ்வு இயக்கங்கள் கேட்டிருந்தன. ஆணையம் தந்தது என்ன? நட்சத்திரம்! கெட்ட உணவுக்கும் அரை நட்சத்திரமாவது உண்டு. தேர்வில் தோற்றவனுக்கும் பதக்கம்! அதுவும் ஆண்டுக் கணக்கில் இழுபட்டு, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே கெடு விதிக்க வேண்டியதாயிற்று.

காண்பீர் தோழர்களே, இந்த நாட்டின் நீதியை! ஏழையின் சட்டிக்குள் எட்டிப் பார்த்து எந்த விலங்கின் இறைச்சி என்று ஆராயக் கண் இருக்கிறது; நிறுவனத்தின் பொட்டலத்தைப் புரட்டி எத்தனை கிராம் உப்பு என்று ஆராயக் கண் இல்லை. தட்டில் சாதி தேடுகிறது அதிகாரம், நஞ்சு தேடுவதில்லை.

இனி, என்ன செய்வது? உடைப்போமா? பெங்களூரு அதையும் பார்த்தது. 1995 சூனில் பிரிகேட் வீதியில் கே.எப்.சி.யின் கடை திறந்தது. கருநாடக உழவர் சங்கத் தலைவர் பேராசிரியர் நஞ்சுண்டசாமி எதிர்த்து முழங்கினார். சுவைகூட்டும் உப்பு அளவு மீறியது என்று செப்டம்பரில் மாநகராட்சி உரிமத்தை விலக்கியது. நீதிமன்றம் சென்று நிறுவனம் கடையைத் தொடர்ந்தது. 1996 சனவரி 30இல் உழவர்கள் உள்ளே புகுந்து அடித்து நொறுக்கினர். கண்ணாடி உடைந்தது, கண்ணாடி மாற்றப்பட்டது, கடை நின்றது. அதே ஆண்டு, வேலூர்க்காரர்கள் ஒரு கண்ணாடியையும் உடைக்காமல் உச்ச நீதிமன்றத்தில் நின்று வென்றனர். கல்லைவிடச் சட்டம் ஆழமாகப் பாயும் என்று நமக்குக் காட்டியது நம் ஊரே.

அந்தத் தீர்ப்பின் உள்ளடக்கத்தைச் சற்று நுணுகிப் பாருங்கள். தோல் ஆலைகள் அன்னியச் செலாவணி ஈட்டுகின்றன, பல்லாயிரவர்க்கு வேலை தருகின்றன என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்காக நலத்தை அழிக்கும் உரிமை கிடையாது என்றது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வைக் கணக்கில் எடுத்தது. தொழிலால் தீங்கில்லை என்று மெய்ப்பிக்க வேண்டியது தொழில் நடத்துபவர் கடமை, பாதிக்கப்பட்டவர் கடமையன்று என்றது. ஆலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் கட்ட வேண்டும் என்றது. பாதிக்கப்பட்டவர்க்கு இழப்பீடு கணக்கிட அதிகார அமைப்பு வேண்டும் என்றது. 28 ஆண்டுகள் கழித்து, 2025 சனவரி 30இல், அதே உச்ச நீதிமன்றம் இழப்பீட்டைக் கொடுத்து முடியுங்கள், மாசுபடுத்தியோரிடம் வசூலியுங்கள் என்று மீண்டும் ஆணையிட நேர்ந்தது. தீர்ப்பு வாங்குவது பாதிப் போர். நிறைவேற்றுவது மறு பாதி என்பதை இதனால் அறிக.

இந்த நெறியை உணவுக்குப் பொருத்துங்கள். இன்று நிலைமை என்ன? லாபம் நிறுவனத்துக்கு, நோய் மக்களுக்கு, மருந்துச் செலவு அரசு மருத்துவமனைக்கு. காலணி ஆலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த தாய், மாதந்தோறும் சர்க்கரை மாத்திரைக்காக அரைநாள் கூலியை இழந்து வரிசையில் நிற்கிறாள். அந்த அரைநாள் கூலி எந்த நிறுவனத்தின் கணக்கேட்டில் எழுதப்படுகிறது? கழிவு நீரை ஆற்றில் விட்டவன் செய்ததும் இதுதானே! செலவை ஊரின் தலையில் கட்டிவிட்டு வரவை வீட்டுக்கு எடுத்துப் போனான்.

முடியாது என்பார்க்கு, முடிந்த நாடுகளைக் காட்டுகிறேன். மெக்சிகோ 2014இல் சர்க்கரைப் பானத்தின்மேல் லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது, விற்பனை குறைந்தது. சிலி நாடு 2016இல் எண்கோண வடிவக் கறுப்பு முத்திரையைப் பொட்டலத்தின் முகத்தில் குத்தியது. 'சர்க்கரை மிகுதி', 'உப்பு மிகுதி' என்று எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் புரியும்படி எழுதியது. பிள்ளைகளை மயக்கும் கேலிச்சித்திர உருவங்களை நீக்கியது. பள்ளியிலிருந்து அப்பண்டங்களை விரட்டியது. சர்க்கரைப் பானம் வாங்குவது சுமார் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. நம் நாட்டிலேயே, நெஞ்சை அடைக்கும் செயற்கைக் கொழுப்பின் அளவை 2021இல் 3 விழுக்காடாகவும் 2022இல் 2 விழுக்காடாகவும் சட்டம் குறைத்தது. எண்ணெய் ஆலைகள் மூடிப் போயினவா? இல்லை. சட்டம் சொன்னால் வணிகன் கேட்பான், கேட்கும்வரை மறுப்பான்.

நம் அண்டையில் கேரளம் 2016இல் பெயர் பெற்ற நிறுவனக் கடைகளின் பர்கருக்கும் பீட்சாவுக்கும் 14.5 விழுக்காடு வரி விதித்தது. 'கொழுப்பு வரி' என்று நாடு பேசிற்று. ஓராண்டு! 2017 சூலையில் சரக்கு, சேவை வரி வந்தது. மாநிலத்தின் கையிலிருந்த அந்தச் சாட்டையைப் பிடுங்கிக்கொண்டது. இன்று உணவகத்தில் இட்லிக்கும் 5 விழுக்காடு. பர்கருக்கும் 5 விழுக்காடு. இட்லிக்கும் பர்கருக்கும் வேறுபாடு தெரியாத வரி! தன் மக்களின் வயிற்றைக் காக்க ஒரு வரி விதிக்கும் உரிமைகூட மாநிலத்துக்கு இல்லையெனில், சமோவாவுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அங்கே உலக வணிக அமைப்பு, இங்கே தில்லி.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு. பொட்டலத்தின் முகத்தில் நட்சத்திரம் வேண்டா, எச்சரிக்கை வேண்டும். நிறுவனத் துரித உணவுக்கும் சர்க்கரைப் பானத்துக்கும் மாநிலம் தனி வரி விதிக்கும் உரிமை வேண்டும். அந்தப் பணம் பொதுக் கருவூலத்தில் கரையாமல் நீரிழிவு மருத்துவத்துக்கே போக வேண்டும். பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் இப்பண்டங்களை விற்கவும் விளம்பரம் செய்யவும் கூடாது என்ற 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஏட்டிலிருந்து தெருவுக்கு இறங்க வேண்டும். ஆலைகளில் உழைக்கும் பெண்களுக்கு நல்ல உணவகம் வேண்டும். இந்த நான்காவதை மறவாதீர்! நேரமில்லாத தாய்தான் பொட்டலம் வாங்குகிறாள். அவளுக்கு அறிவுரை சொல்வது எளிது. ஆலை வாயிலிலே மலிவு விலையில் சூடான சோறும் கூட்டும் கிடைக்கச் செய்வதே தொண்டு.

தமிழ்நாட்டுக்கு இது இயலாத செயலன்று. 1920இல் தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் பகலுணவு இட்ட மண் இது. 1956இல் காமராசர் அதை மாநிலத்துக்கு விரித்தார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக வளர்த்தார், 2022இல் ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவும் சேர்ந்தது. ஆட்சிகள் மாறின, அடுப்பு அணையவில்லை. பள்ளிக்குள்ளே அரசு உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் கொடுத்துப் பிள்ளையை வளர்க்கிறது. பள்ளிக்கு வெளியே நிறுவனம் பத்து ரூபாய்ப் பொட்டலத்தோடு காத்து நிற்கிறது. உள்ளே கொடுப்பதை வெளியே பறிக்க விடலாமா?

கழகத் தோழர்களுக்கு ஒரு சொல். கோரிக்கை அரசுக்கு, கடமை நமக்கு. பொதுக்கூட்ட மேடையில் அமெரிக்க ஆதிக்கத்தைச் சாடிவிட்டு, இறங்கியதும் கோக் குடித்துத் தாகம் தீர்க்கும் காட்சி நம்மிடம் வேண்டா. 2017இல், சல்லிக்கட்டுக் கிளர்ச்சிக்குப்பின், நம் வணிகர் சங்கங்கள் பெப்சி, கோக் விற்பதில்லை என்று மார்ச் 1 முதல் அறிவித்தனவே, அந்த உறுதி எத்தனை நாள் நின்றது? உணர்ச்சியில் பிறந்தது உணர்ச்சியோடு தணிந்தது. பழக்கமாக மாறியதுதான் நிலைக்கும். மாநாட்டுப் பந்தலில் மோரும் பானகமும் இருக்கட்டும். படிப்பகத்தில் செய்தித்தாளோடு பொட்டலத்தின் பின்புறத்தையும் படிக்கக் கற்றுக்கொடுப்போம். எத்தனை கிராம் உப்பு, எத்தனை கிராம் சர்க்கரை என்று. கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் ஏழ்மையின் சின்னம் என்ற வெட்கத்தைத் துடைப்போம். வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதிலே ஒரு மூலிகையின் பெயரையும் சொல்லாமல், உண்ணும் முறையையே பேசினார். அதைப் படித்த நாட்டுக்கு வேறு யார் வந்து பாடம் சொல்ல வேண்டும்?

பள்ளி திறக்கும் நாளில் ஒவ்வொரு கிளையும் வாயிலிலிருந்து 50 மீட்டர் அளந்து பார்க்கட்டும். விதியை மீறிய விற்பனை எங்கெங்கே என்று பட்டியல் எழுதி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கையொப்பமிட்டுக் கொடுங்கள். பதில் வராவிட்டால் மீண்டும் கொடுங்கள். பாலாற்று வழக்கும் இப்படித்தான் ஒரு மனுவில் தொடங்கிற்று. ஆற்றுக்கு நீதி கேட்டு உச்ச நீதிமன்றம் ஏறிய வேலூர், வயிற்றுக்கும் நீதி கேட்கட்டும். மாசுபடுத்தியவன் ஈடு செலுத்தட்டும்!